புதுத் தண்ணீரில் விரால்

புரட்டாசி பிறந்தால் மதுரையில் எத்தனையோ வீடுகளில் மீன் சட்டி பரணில் ஏறிவிடும். சனிக்கிழமை விரதம், பெருமாள் கோவில், மாவிளக்கு என்று மாதம் ஓடும். சட்டி மறுபடி கீழே இறங்குவது ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று மீன் கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், இவர்கள் ஒரு மாதம் பொறுத்தவர்களா, ஒரு வருஷம் பொறுத்தவர்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் ஊரே மீனை மறந்திருக்கும் அந்த மாதத்தில், மீனைத் தவிர வேறு நினைவே இல்லாத சிலரும் இருக்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, வீட்டுக்காரியை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் ஒரு கம்பும் தோளில் ஒரு பையுமாக மேலூர்ச் சாலையில் கிளம்பிவிடுவார்கள். (எழுப்பாமல் என்பது அவர்களுடைய எண்ணம். வீட்டுக்காரிகளைக் கேட்டால் கதை வேறு!) கெண்டை, கட்லா, ரோகு எதுவும் இவர்களுக்கு லட்சியமில்லை. இவர்கள் தேடிப் போவது ஒரே ஒரு மீனை. அதுதான் விரால்.

விராலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாம்புக்கு இருப்பது போன்ற தட்டைத் தலை, உருண்டு நீண்ட உடம்பு, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, கையில் நிற்காமல் வழுக்கும் தோல். மீன்காரம்மாவின் அலுமினியச் சட்டியில் கொஞ்சம் தண்ணீரில் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். கடல் மீன் ஐஸில் கிடந்து வருகிறது. விரால் மட்டும் வீட்டு வாசல் வரையில் உயிரோடு வருகிறதே, அது எப்படி என்று யோசித்ததுண்டா?

விஷயம் இதுதான். விரால் நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுளுக்கு மேலே அதற்காகவே ஒரு தனி அறை வைத்திருக்கிறது. சற்றைக்கொரு தரம் தண்ணீர்ப் பரப்புக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போகும். மேலே வரவிடாமல் தடுத்துவிட்டால், வேடிக்கையைக் கேளுங்கள், மீன் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துப்போகும்! ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாலோ பல மணி நேரம் தாங்கும். கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை பெய்தால் ஈரப் புல்லில் நெளிந்து நெளிந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். பழைய நூல்களில் இதற்கு வரால் என்று பெயர். மருத நிலத்தின் வளத்தைப் பாட வந்த புலவர்கள் நெல்லைச் சொன்னார்கள், கரும்பைச் சொன்னார்கள், கூடவே வராலையும் சொன்னார்கள். தண்ணீர் இருந்தால்தானே இது மூன்றும்?

மதுரைச் சீமையில் அந்தத் தண்ணீர் வருகிற கதையும் ஸ்வாரஸ்யமானது. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிவிட்டார்கள். கர்னல் பென்னிகுயிக் கட்டிய அந்த அணையைச் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு 1895 அக்டோபரில் திறந்துவைத்தார். 1959-ல் வைகை அணையும் சேர்ந்துகொண்டது. பெரியாறு பிரதான கால்வாயில் ஒருபோக சாகுபடிக்கு மட்டும் 85,563 ஏக்கர் என்று கணக்கு. மேலூர்ப் பக்கத்து வயல்களெல்லாம் இதில் சேர்ந்தவை. அணையில் இருப்பைப் பொறுத்து, செப்டம்பர் வாக்கில் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் விடுவார்கள். கால்வாய்த் தண்ணீர் ஒரு பக்கம், இடி மழை ஒரு பக்கம். கோடையெல்லாம் வெடித்துக் கிடந்த கண்மாய்கள் புரட்டாசியில் மெல்ல மெல்ல நனையத் தொடங்கும்.

நானும் நம் புகைப்படக்காரரும் போனது அப்படி ஒரு கண்மாய்க்குத்தான். யானைமலையைத் தாண்டி, மேலூர் போகும் வழியில் இருக்கிறது. அதற்கு மேல் அடையாளம் சொல்வதற்கில்லை. அழைத்துப் போன பெரியவர், “ஊர் பேரைப் போட்டுராதீங்க தம்பி. அப்புறம் ஞாயித்துக்கிழமை எனக்கு உக்கார எடமிருக்காது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். நாற்பது வருஷத் தூண்டில் அனுபவம்.

அவரிடம் இருந்த ஆயுதங்கள் மிகக் கொஞ்சம். அவர் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு மூங்கில் கம்பு. அதன் நுனியில் நைலான் நரம்பு. நரம்பின் முனையில் பெரிய முள். கண்டாங்கிச் சேலைத் துணியில் தைத்த பை ஒன்று. அதற்குள் சின்னச் சின்னத் தவளைகள். (தவளைகளுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெரியவருக்கு இல்லை.)

“புரட்டாசியில் மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறீர்கள்? மற்ற மாதங்களில் விரால் கிடையாதா?” என்று கேட்டேன்.

“கெடைக்கும். ஆனா இந்தத் தண்ணி வேற தம்பி. நேத்து வரைக்கும் காஞ்ச தரை. ஈரம் பட்டதும் புழு பூச்சி மேல வருது. அதைத் திங்கத் தவளை வருது. தவளையைத் திங்க விரால் வருது. விராலைத் திங்க நாம வந்திருக்கோம்!”

கம்பை நீட்டி, ஆம்பல் இலைகளுக்கு நடுவே தெரிந்த கையகல இடைவெளியில் தவளையை இறக்கினார். இறக்கி, தூக்கி, மறுபடி இறக்கி, அது தானாகவே தத்துவது போல ஒரு விளையாட்டுக் காட்டினார். கண் மட்டும் தவளையின் மேல் இல்லை. தூரத்தில், தண்ணீரின் மேல் எங்காவது வட்டம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. காற்றுக்கு வருகிற விரால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூச்சு விடப்போய் மாட்டிக்கொள்கிற ஜீவன்!

கால் மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று ‘தொபுக்’கென்று ஒரு சத்தம். தவளையைக் காணோம். நானாக இருந்தால் அந்தக் கணமே கம்பை இழுத்திருப்பேன். பெரியவர் இழுக்கவில்லை. நரம்பைத் தளரவிட்டு, நிதானமாக வெற்றிலை எச்சிலைத் துப்பினார். விரால் முதலில் கவ்வும். பிறகுதான் உள்ளே கொண்டுபோகும். அவசரப்பட்டால் தவளை மட்டும் திரும்பி வரும். பத்து எண்ணுகிற நேரம் கழித்து ஒரே வெட்டு. கம்பு வில்லாக வளைந்தது. விரால் நேரே ஓடாது. ஆம்பல் கொடிகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளப் பார்க்கும். பெரியவர் அதற்கு இடம் கொடுக்காமல் பின்னாலேயே நடந்து, கரையின் சரிவில் இழுத்துப் போட்டார். ஒரு முழத்துக்கு மேலிருந்தது. புல்லில் விழுந்ததும் தண்ணீரை நோக்கியே நெளிந்தது. கண்மாய் எந்தத் திசை என்று அதற்கு யார் சொன்னார்களோ!

இதற்குள் கரையின் மறு கோடியில் மூன்று வாலிபர்கள் வந்து சேர்ந்தார்கள். மோட்டார் சைக்கிள், சுருள் பூட்டிய ஃபைபர் கம்பு, ரப்பரில் செய்த பச்சைத் தவளை. ஒருவன் வீச, ஒருவன் செல்போனில் படம் பிடிக்க, அமர்க்களமாக இருந்தது. ரப்பர் தவளையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். உயிர்த் தவளைக்கு அது எவ்வளவோ மேல்.

பெரியவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்தவர் சட்டென்று நின்றார். கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையால் காட்டினார். கரையோரத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் குங்குமத்தைக் கரைத்து விட்டது போல இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தச் சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சுகள்! ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். காற்றுக்காக மாறி மாறி மேலே வருவதால்தான் கொதிப்பது போலத் தெரிகிறது. அதற்குக் கீழே, கறுப்பாக, அசையாமல் ஒரு நிழல்.

“காவல் நிக்குது பாருங்க” என்றார் பெரியவர் மெல்லிய குரலில்.

மீன்களில் பெரும்பாலானவை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடும். கெண்டை அப்படித்தான், முட்டைக்கு அப்புறம் பிள்ளை யாரோ, தான் யாரோ. விரால் அந்தக் குணமில்லை. மழைத் தண்ணீர் வந்ததும் ஜோடியாகச் சேர்ந்து, ஆழமில்லாத ஓரத்தில் பாசியையும் கொடியையும் கடித்து ஒதுக்கி வட்டமாக ஒரு இடம் செய்யும். ஆயிரக்கணக்கில் இடும் மஞ்சள் முட்டைகள் அதில் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அது முதல் சில வாரங்களுக்கு, குஞ்சுகள் தாமாக இரை தேடப் பழகும் வரையில், பெரிய மீன் கூட்டத்தின் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். கெளுத்தி வந்தாலும் விரட்டும். தவளை குதித்தாலும் பாயும். அம்மா அப்பா இரண்டு பேருமே காப்பதுண்டு. ஆனாலும் அப்பாவின் பங்குதான் அதிகம் என்கிறார்கள் மீன் ஆராய்ச்சிக்காரர்கள். நம் வீட்டு அப்பாக்கள் கவனிக்க!

மீனாட்சி என்ற பெயருக்குப் பெரியவர்கள் சொல்லும் பொருள் உங்களுக்குத் தெரியும். மீன் தன் முட்டைகளைக் கண்ணால் பார்த்தே பொரிய வைக்குமாம். அதுபோலக் கண் பார்வையாலேயே உலகத்தைக் காப்பவள் அன்னை என்பார்கள். மதுரையில் பிறந்த குழந்தை எல்லாம் கேட்டு வளரும் கதை. இத்தனை காலமாக அது அழகான கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கண்மாய்க் கரையில், கண்ணை எடுக்காமல் நின்ற அந்தக் கறுப்பு நிழலைப் பார்த்தபோது, கதையை முதலில் சொன்னவர் யாரோ, அவரும் ஒரு கண்மாய்க் கரையில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காவல் நிற்கும் விராலைப் பிடிப்பதுதான் மிக மிகச் சுலபம். பசிக்காக அது கடிப்பதில்லை. குஞ்சுகளின் நடுவே எது விழுந்தாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். இடத்தைத் தேடவும் வேண்டாம். சிவப்பு வட்டமே காட்டிக்கொடுக்கும். “அதைப் பிடிக்கிறவன் தூண்டில்காரன் இல்ல தம்பி. தொட்டில்ல கையை வைக்கிறவன்” என்றார் பெரியவர். சொல்லிவிட்டுக் கம்பைச் சுருட்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டே விலகி நடந்தார்.

வாலிபர்களும் சிவப்பைப் பார்த்துவிட்டார்கள். பெரியவர் கையை ஆட்டி, “வேண்டாம்ப்பா, குஞ்சு கெடக்கு!” என்று சத்தம் போட்டார். ரப்பர் தவளை அதற்குள் விழுந்துவிட்டது. தண்ணீர் வெடித்தது போல ஒரு சத்தம். இரண்டு நிமிஷத்தில் மீன் கரையில் கிடந்தது. இரண்டு கிலோ இருக்கும் என்று ஒருவன் சந்தோஷமாகச் சொன்னான். பெரியவர் நெருங்கிப் போய் ஏதோ பேசினார். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். மீனைத் திரும்ப விடவில்லை. “தெரியாது தாத்தா, இனிமே பாத்துக்கிறோம்” என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. பையன் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. எங்கே, யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

சிவப்பு வட்டம் கொஞ்ச நேரம் அங்கேயே கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஓரத்தில் தண்ணீர் சிதறியது. இன்னொரு ஓரத்தில் சிதறியது. கருவேல மரத்திலிருந்து ஒரு மீன்கொத்தி இறங்கியது. நாங்கள் கிளம்பும்போது வட்டம் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. படம் எடுக்க நம் புகைப்படக்காரருக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்மால்மவுத் பாஸ் என்று ஒரு மீன். அந்த ஊர்த் தூண்டில்காரர்களுக்கு அதன் மேல் இதே பைத்தியம்தான். அவர்களும் ஏறக்குறைய இதே நாட்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஏரித் தண்ணீர் குளிரத் தொடங்கும். பனிக்காலத்துக்கு முன்னால் உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள பாஸ் மீன் வெறியோடு இரை எடுக்கும். அந்த மீனிலும் தகப்பன்தான் கூட்டைக் காவல் காக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அது முட்டையிடுவது வசந்தகாலத்தில். இலையுதிர்காலத்தில் தூண்டில் போடுகிறவர் எந்தக் குஞ்சையும் அநாதையாக்குவதில்லை. வசந்தத்திலோ, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் பாஸ் பிடிக்கவே தடை. ஜூன் மாதம் பாதி போன பிறகுதான் அனுமதி. நமக்கு அப்படிப் பிரித்துக்கொள்ள வழியில்லை. விரால் நன்றாகக் கடிக்கிற மாதமும் அது பிள்ளை வளர்க்கிற மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

காவல் இருந்தால் விரால் எப்படிப் பெருகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஒரு சாட்சி உண்டு. நம் விராலுக்குச் சீன தேசத்தில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறது. மேரிலாந்து மாகாணத்தில் ஒருவர், உடம்பு சரியில்லாத தம் சகோதரிக்குச் சூப் வைத்துக் கொடுப்பதற்காக அந்த மீனில் இரண்டை நியூயார்க் கடையிலிருந்து உயிரோடு வாங்கினார். சூப் வைக்கவில்லை. கொஞ்ச நாள் தொட்டியில் வளர்த்துவிட்டு, கிராப்டன் என்ற ஊரின் குளத்தில் விட்டுவிட்டார். 2002-ல் விஷயம் வெளியே வந்ததும் பத்திரிகைகள் அலறின. தரையில் நடக்கும் மீன், பூத மீன் என்றெல்லாம் தலைப்புப் போட்டார்கள். அந்தச் செப்டம்பரில் குளத்தில் மருந்து போட்டுக் கொன்றார்கள். கணக்கெடுத்தால் ஆயிரத்துக்கும் மேல் குஞ்சுகள்! அங்கே அது அழையாத விருந்தாளி, அதனால் பயந்தார்கள். நம் கண்மாயில் விரால் வீட்டுப் பிள்ளை. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை இன்று கண்மாய்க்குக் கண்மாய் மண்டிக் கிடக்கிறதே, அதன் குஞ்சுகளைத் தின்று கொஞ்சமாவது மட்டுப்படுத்துவது விரால்தான். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களுக்கு மட்டும் விராலைக் கண்டால் ஆகாது. அவர்கள் காசு கொடுத்து விடும் கட்லா, ரோகுக் குஞ்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை அல்லவா?

நோயாளிக்குச் சூப் என்றதும் சிரிக்க வேண்டாம். ஆபரேஷன் ஆனவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் கொடுக்கிற வழக்கம் பல தேசங்களில் இருக்கிறது. மலேசியாவில் இதற்கு ஹாருவான் என்று பெயர். புண் ஆறும் என்று பிரசவத்துக்குப் பின் தவறாமல் கொடுப்பார்கள். இந்தோனேசியாவில் இதன் சத்தை மாத்திரையாகவே விற்கிறார்கள். நடு முள் ஒன்றுதான். சின்னச் சின்ன முட்கள் கிடையாது. ஆகையால் குழந்தைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

ஐப்பசியில் மதுரை மார்க்கெட்டில் ஒரு மீன்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஏன்க்கா, இந்தப் பெரிய விரால் எல்லாம் குஞ்சோடு இருந்ததா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

“மீன் மூஞ்சியிலயா தம்பி எழுதியிருக்கு? வாங்க வர்றவுக எல்லாம் பெரிசு பெரிசுன்னு கேக்குறாக. பெரிசாப் பாத்துப் புடிச்சாறாக. அரைக் கிலோ உருப்படியை எடுத்துட்டுப் போனா வேணாம்னா சொல்லப் போறேன்? ருசியும் அதுலதான். பெரிசு நாராப் போயிரும்.”

அரைக் கிலோ விராலைப் பற்றி அந்த அம்மா சொன்னதை நான் வீட்டில் பரீட்சை செய்து பார்த்தாயிற்று. வாஸ்தவம். இன்னொன்றும் சொன்னார். இப்போது பண்ணைகளில் ஊசி போட்டு முட்டையிட வைத்து விரால் வளர்க்கிறார்கள். மழை மாதங்களில் ‘பண்ணையா, கம்மாயா’ என்று கேட்டால் தெரிந்த வரையில் சொல்வார்களாம். கண்மாய் மீனுக்குத்தான் ருசி என்று சத்தியம் செய்பவர்கள் தை பிறக்கும் வரையில் பொறுக்கலாம். ஒரு மாதம் பொறுத்துப் பழகியவர்கள்தானே!

சமைப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும், வழுவழுப்புப் போகக் கல் உப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவுங்கள். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பல் இருந்தது. காஸ் அடுப்பு வந்ததில் அது போயிற்று. மண் சட்டி, நல்லெண்ணெய், வெந்தயம், நிறையச் சின்ன வெங்காயம். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைப் போட்டால் போதும். அதற்கு மேல் கரண்டி போடாதீர்கள். சட்டியைப் பிடித்துக் குலுக்கி விடுங்கள்.

கண்மாய் இருந்தால்தான் கண்மாய் விரால். மதுரையில் தல்லாகுளத்தில் குளத்தைத் தேட வேண்டும். 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை திறந்த இடத்துக்கு உலகனேரி என்று பெயர். பெயரில் மட்டும் ஏரி இருக்கிறது. நகரத்தை விட்டு அழகர்மலைப் பக்கமும் மேலூர், நத்தம் பக்கமும் போனால் இன்னும் நிறையக் கண்மாய்கள் உண்டு. அந்த ஊர்களில் மாசி, பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் வலையுமாக ஆண், பெண், குழந்தை என்று அத்தனை பேரும் சேற்றில் இறங்குவார்கள். மழை மாதத்தில் காவலோடு வளர்ந்த குஞ்சுகள் அன்றைக்கு முழு விராலாக ஊத்தாவுக்குள் துள்ளும். சேற்றுக்குள் ஒளிந்து தப்பியவை அடுத்த மழைக்கு.

அந்த மீனை விலைக்குக் கேட்டுப் பார்க்காதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். திருவிழா மீன் விற்பனைக்கில்லை. வீட்டில் குழம்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் போடுவதற்குத்தான். ஆகவே அந்த விராலைச் சாப்பிட ஆசையிருந்தால், மேலூர்ப் பக்கம் உங்களுக்கு ஒரு சித்தியோ அத்தையோ இருக்கிறார்களா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.